ஒரு சோற்றின் பதம்

தொலைக்காட்சிச் சமையல் போட்டி வீட்டுச் சமையற்காரரிடம் கேட்பது என்ன, அவருக்குத் திருப்பித் தருவது என்ன?

காட்சியையும் ஓசையையும் மட்டுமே சுமந்து செல்லும் ஓர் ஊடகத்தில், சுவையையும் மணத்தையும் உயிராகக் கொண்ட ஒரு கலைக்குப் போட்டி நடத்துவது இயல்பிலேயே முரண் கொண்ட முயற்சி. நாக்கு அறிகிற இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு ஆகியவற்றோடு, காளானிலும் தக்காளியிலும் இறைச்சிச் சாற்றிலும் உணரப்படும் 'உமாமி' என்னும் நிறைசுவையையும் சேர்த்துக் கணக்கிட்டாலும்கூட, ஓர் உணவை இன்ன உணவு என்று நமக்கு அடையாளம் காட்டுவதில் பெரும்பங்கு மணத்தையே சாரும். மெல்லும்போது தொண்டையின் பின்வழியாக மூக்குக்கு ஏறும் இந்த மணம் அடைபட்டுப் போவதால்தான், ஜலதோஷம் பிடித்த நாளில் சாம்பாரும் காரக்குழம்பும் ஏறத்தாழ ஒன்றுபோலத் தோன்றுகின்றன. திரையைக் கடந்து வராதது இந்த மணமே. இருந்தும், தாம் ஒரு வாய்கூட உண்ணாத உணவு வென்றதற்காக மகிழ்ந்தும், தோற்றதற்காகக் கலங்கியும் லட்சக்கணக்கானோர் இரவுதோறும் திரையின் முன் அமர்கிறார்கள்.

பார்வையாளருக்குக் கிட்டாத சுவைக்கும் அவர் கொள்ளும் ஈடுபாட்டுக்கும் இடையிலுள்ள இந்த வெற்றிடத்தை நிரப்பும் பொறுப்பு, பெருமளவில் அடுப்பின் முன் நிற்பவர் மேலேயே விழுகிறது. கையால் சமைப்பது அவருடைய முதல் வேலை என்றால், தான் சமைப்பது என்ன, அதை ஏன் அப்படிச் சமைக்க வேண்டும், அது எந்த வீட்டிலிருந்து வந்தது என்பதையெல்லாம் முகத்தாலும் சொல்லாலும் விளங்கவைப்பது அவருடைய இரண்டாவது வேலை. போட்டியில் கலந்துகொண்டவர்களின் அனுபவத்தைக் கூர்ந்து நோக்கினால், அவர்களை அதிகம் சோதித்ததும் இந்த இரண்டாவது வேலையே, அவர்களுக்கு நெடுங்காலம் நிலைக்கும் பேற்றைத் தந்ததும் அதுவே என்பது தெளிவாகும். அந்த அனுபவத்தை ஆராய்வதற்கு மிகப் பொருத்தமான களம் 'மாஸ்டர்செஃப் ஆஸ்திரேலியா'.

ஒரு வடிவம் வளர்ந்த கதை

பிரிட்டிஷ் திரைப்பட இயக்குநர் ஃபிராங்க் ராடம் உருவாக்கிய 'மாஸ்டர்செஃப்', 1990-இல் பிபிசியில் தொடங்கியது. உணவகத் தொழிலைச் சாராத, வீட்டிலோ பொழுதுபோக்காகவோ சமைப்பவர்களைப் போட்டியாளர்களாகக் கொண்டதே அதன் அடிப்படை. 1993-இல் ஜப்பானின் ஃபுஜி தொலைக்காட்சி தொடங்கிய 'அயன் செஃப்' இதற்கு நேர்மாறாக, கைதேர்ந்த தொழில்முறைச் சமையல் வல்லுநர்களை ஓர் அரங்கில் நிறுத்தி, அந்தக் கணத்தில் திரை விலக்கிக் காட்டப்படும் ஒரு மூலப்பொருளை வைத்து ஒரு மணி நேரத்துக்குள் பல உணவுகளைப் படைக்கச் செய்தது. பின்னாளைய சமையல் போட்டிகள் முன்னதிலிருந்து எளிய மனிதரையும், பின்னதிலிருந்து கடிகாரத்தையும் எதிர்பாராமையையும் எடுத்துக்கொண்டு வளர்ந்தவை என்று கொள்ளலாம்.

இந்த இரண்டையும் முழுமையாக இணைத்த வடிவம் 2009 ஏப்ரலில் ஆஸ்திரேலியாவின் நெட்வொர்க் டென் தொலைக்காட்சியில் தொடங்கியது. வாரம் ஒருமுறை வந்துபோகும் நிகழ்ச்சியாக இல்லாமல், வாரத்தின் பெரும்பாலான இரவுகளில் தொடர்ந்து ஒளிபரப்பாகி, போட்டியாளர்கள் ஒரே வீட்டில் சேர்ந்து வாழ்ந்து பல மாதங்கள் சமைக்கும் நெடுங்கதையாக அது அமைந்தது. ஏறத்தாழ 2.2 கோடி மக்கள் வாழ்ந்த அந்நாட்டில், அவ்வாண்டு ஜூலையில் நடந்த இறுதிச் சுற்றைச் சுமார் 37 லட்சம் பேர் பார்த்தனர். அடுத்த ஆண்டின் இறுதிச் சுற்று 2010 ஜூலை 25 அன்று அமைந்தபோது, அதே இரவில் நடக்கவிருந்த பொதுத் தேர்தல் தலைவர்களின் விவாதம், அதாவது பிரதமர் ஜூலியா கிலார்டும் எதிர்க்கட்சித் தலைவர் டோனி அபட்டும் நேருக்கு நேர் மோதிய நிகழ்வு, சமையல் போட்டியோடு மோதாதிருக்க முன்னதாகவே நடத்தி முடிக்கப்பட்டது. ஒரு நாட்டின் அரசியல் நாட்காட்டி ஒரு சமையலறைக்கு வழிவிட்ட அந்த நிகழ்வு, வீட்டுச் சமையல் பொதுமேடையில் பெற்றுவிட்ட இடத்தை உணர்த்தப் போதுமானது.

கடிகாரத்தின் ஆட்சி

போட்டியின் சுற்றுகள் ஒவ்வொன்றும் சமைப்பவரின் வெவ்வேறு திறனைச் சோதிக்கும்படி வகுக்கப்பட்டவை. 'மிஸ்டரி பாக்ஸ்' என்னும் மர்மப் பெட்டிச் சுற்றில், மூடியைத் தூக்கும்வரை அறியாத பொருள்களிலிருந்து உணவைக் கற்பனை செய்ய வேண்டும். 'இன்வென்ஷன் டெஸ்ட்' என்பதில் கொடுக்கப்பட்ட ஒரு மூலப்பொருளையோ கருப்பொருளையோ மையமாக வைத்துப் புதிய உணவு படைக்க வேண்டும். அரங்கத்துக்கு வெளியே பெருந்திரளான விருந்தினருக்கு அணியாகச் சமைக்கும் சுற்று, கைத்திறனோடு பந்தியை நடத்தும் ஆற்றலையும் கேட்கிறது. எல்லாவற்றிலும் அச்சமூட்டுவது 'பிரஷர் டெஸ்ட்' எனப்படும் வெளியேற்றச் சுற்று. இதில் புகழ்பெற்ற வல்லுநர் ஒருவரின் நுட்பமான உணவை, அவருடைய செய்முறைக் குறிப்பைப் படித்துக்கொண்டே, குறித்த நேரத்துக்குள் அச்சு மாறாமல் செய்து காட்ட வேண்டும்.

முதல் பருவத்தில் இனிப்பு வல்லுநர் ஏட்ரியானோ ஸம்போ கொண்டுவந்த 'க்ரோகெம்பூஷ்' இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. நீரும் வெண்ணெயும் மாவும் அடுப்பில் கிளறப்பட்டு, முட்டை சேர்த்துப் பிசையப்பட்டு, அடுமனைச் சூட்டில் உள்ளே வெற்றிடம் கொண்ட பந்துகளாக உப்பும் சிறு பலகாரங்களை, காய்ச்சிய சர்க்கரைப் பாகையே சாந்தாக்கிக் கோபுரம்போல அடுக்குவதே க்ரோகெம்பூஷ். பாகு பொன்னிறத்தைக் கடந்தால் கசந்துவிடும், ஆறினால் இறுகிவிடும், சூடாக இருக்கும்போதோ விரலைச் சுட்டுவிடும் என்பதால், அதன் பதம் கைக்குள் நிற்கும் சில நிமிடங்களுக்குள் கோபுரம் எழும்பியாக வேண்டும். 2010 இறுதிச் சுற்றில் சிட்னியின் 'கீ' உணவகத் தலைமைச் சமையல்காரர் பீட்டர் கில்மோர் வைத்த 'ஸ்னோ எக்' இன்னும் நுட்பமானது. முட்டை வெண்கருவை நுரைக்க அடித்து வேகவைத்த பனிவெள்ளை உருண்டைக்குள் சீத்தாப்பழ ஐஸ்கிரீமைப் பொதிந்து, மேலே மெல்லிய சர்க்கரைத் தகட்டைப் போர்த்தி, கொய்யாப்பழத்தை உறையவைத்துச் சுரண்டிய துகள்களின்மேல் அமர்த்தும் அந்த இனிப்பில், நம் வீட்டுக் கொல்லைகளில் காய்க்கும் இரண்டு எளிய பழங்கள் நாட்டையே மூச்சடக்கி உட்காரவைத்தன.

இத்தகைய சுற்றுகளில் போட்டியாளர் முதலில் கற்பது, நேரமும் ஒரு மூலப்பொருள் என்பதையே. வீட்டில் நேரம் சமையலுக்கு அடங்கி நடக்கும். குழம்பு கொதித்து எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும்வரை சாப்பாட்டு வேளை தள்ளிப்போகும். அரங்கத்தில் சமையல் நேரத்துக்கு அடங்கி நடந்தாக வேண்டும். இதனால் ஒரு மணி நேரத்துக்குள் அடங்குகிற உணவு முறைகளுக்குப் போட்டி இயல்பாகவே சாதகமாகிவிடுகிறது. இறைச்சியின் மேற்பரப்பில் புரதக் கூறுகளும் சர்க்கரையும் ஏறத்தாழ 140 டிகிரி செல்சியஸுக்கு மேற்பட்ட சூட்டில் வினைபுரிந்து பழுப்பு நிறமும் வறுவல் மணமும் தரும் செயலுக்கு 'மையார் வினை' என்று பெயர். இது சில நிமிடங்களில் நிகழ்ந்துவிடும். அரைத்த மாவு ஓர் இரவு முழுவதும் புளித்துப் பொங்குவதோ, வற்றலும் வடகமும் பல நாள் வெயிலில் காய்வதோ, ஊறுகாய் வாரக்கணக்கில் ஊறுவதோ கடிகாரத்துக்குள் அடங்காதவை. உழைப்பைவிடக் காத்திருப்பையே பெரிதாகக் கொண்ட தெற்காசிய, தென்கிழக்காசியச் சமையல் மரபுகளிலிருந்து வரும் போட்டியாளர், தன் சமையலறையின் சிறந்த பாதியை வெளியே விட்டுவிட்டே அரங்கத்துக்குள் நுழைகிறார். ஆகையால் அவர் வெல்வது, எஞ்சிய பாதியைக் கொண்டு முழுமையை உணர்த்தும் திறனால்தான்.

கைப்பக்குவம் சொல்லாகும் இடம்

ஹங்கேரியில் பிறந்து பிரிட்டனில் வாழ்ந்த சிந்தனையாளர் மைக்கேல் போலன்யி, மனிதர் சொல்ல முடிந்ததைவிட அதிகமாக அறிந்திருக்கிறார் என்ற கருத்தை வலியுறுத்தி, செயலில் பொதிந்திருந்தும் சொல்லில் அகப்படாத அறிவை உள்ளுறை அறிவு என்ற பொருள்படும் சொல்லால் குறித்தார். மிதிவண்டி ஓட்டத் தெரிந்தவரால் தான் எப்படிச் சாயாமல் நிற்கிறோம் என்பதை விளக்கிச் சொல்ல இயலாதது இதற்கு வழக்கமாகக் காட்டப்படும் எடுத்துக்காட்டு. தமிழ் வழக்கு இதே உண்மையைச் சமையலறையில் வைத்துக் 'கைப்பக்குவம்' என்றும் 'கண்ணளவு' என்றும் என்றோ பெயரிட்டுவிட்டது. கடுகு வெடித்து அடங்குவதற்கும் கறிவேப்பிலை போடுவதற்கும் இடையிலுள்ள கணம், பாகு ஒற்றைக் கம்பியிலிருந்து இரட்டைக் கம்பிக்கு மாறும் தருணம், ரசம் நுரை கூடும்போது கொதிக்கவிடாமல் இறக்கும் நேரம் ஆகிய எதற்கும் தராசோ வெப்பமானியோ தேவைப்படாத ஓர் அறிவு தலைமுறைகளாகக் கையிலிருந்து கைக்கு வந்துள்ளது.

தொலைக்காட்சிப் போட்டி இந்த அறிவை வாய்திறந்து பேசச் சொல்கிறது. சமையல் மேடைகளுக்கிடையே நடந்துவரும் நடுவர்கள், என்ன செய்கிறீர்கள், ஏன் இதை இப்போது சேர்க்கிறீர்கள், இது எந்த ஊர் உணவு என்று கேட்பார்கள். ஒரு கை கிளறிக்கொண்டிருக்கும்போதே மறுமொழி சொல்லியாக வேண்டும். பார்வையாளருக்கு மணம் எட்டாத நிலையில் இந்தக் கேள்விகளே மணத்தின் இடத்தைப் பிடிக்கின்றன. வாழ்நாள் முழுவதும் யாரும் கேட்காத கேள்வியை முதன்முறையாக எதிர்கொள்பவர், தன் கை செய்வதைத் தானே புதிதாகப் பார்க்கத் தொடங்குகிறார். பழக்கமாக இருந்தது முறையாகவும், முறையாக இருந்தது மரபாகவும் அவருக்கே புலப்படுகிறது.

முதல் பருவத்தில் இரண்டாம் இடம் பெற்ற போ லிங் யாவ் கடந்த வழி இதற்குச் சான்று. கோலாலம்பூரில் பிறந்து, சிறுவயதில் அடிலெய்டுக்குக் குடிபெயர்ந்து, ஓவியராக வாழ்ந்துவந்த அவர், மலேசியச் சீனக் குடும்பத்தின் சமையலை ஆஸ்திரேலிய வீடுகளுக்கு அறிமுகப்படுத்தினார். போட்டி முடிந்த அடுத்த ஆண்டே பொதுத் தொலைக்காட்சியான ஏபிசியில் அவருக்கெனத் தனிச் சமையல் நிகழ்ச்சி அமைந்தது. புலம்பெயர்ந்த குடும்பங்களின் உணவை வாரத்தில் ஒருநாள் கடையில் வாங்கி உண்ணும் பொருளாக மட்டுமே அறிந்திருந்த ஒரு சமூகம், அந்த உணவின் பின்னுள்ள தாயையும் பாட்டியையும் அறியத் தொடங்கியதில் இத்தகைய போட்டியாளர்களின் பங்கு பெரிது.

மீன் தலைக் கறியும் பழைய சோறும்

2018-இல் பத்தாம் பருவத்தை வென்ற சசி செல்லையா, தமிழ் வாசகர்களுக்கு இந்தக் களத்தில் மிக நெருங்கியவர். சிங்கப்பூரில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, அங்கே காவல்துறையில் பணியாற்றி, பின்னர் ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்து, அடிலெய்டில் பெண்கள் சிறையொன்றில் காவலராக இருந்தவர் அவர். இறுதிச் சுற்றில் 100-க்கு 93 மதிப்பெண் பெற்று, 2,50,000 ஆஸ்திரேலிய டாலர் பரிசை வென்றார். அந்தச் சுற்றுக்கு அவர் தேர்ந்தெடுத்தவை, காய்ந்த மிளகாயை அரைத்துச் செய்யும் சம்பலில் புரட்டிய இறாலும், மீன் தலைக் கறியும்.

மீன் தலைக் கறியின் வரலாறே ஒரு குடிபெயர்வின் வரலாறு. தென்னிந்தியப் புளிக்குழம்பின் முறையும், மீனின் தலையைச் சுவை மிகுந்த பகுதியாக மதிக்கும் சீன உணவுப் பழக்கமும் சிங்கப்பூரில் சந்தித்து, இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பிறந்த உணவு அது. கேரளத்திலிருந்து சென்ற ஒரு சமையல்காரரே அதற்கு உருக்கொடுத்தவர் என்பது பரவலான கருத்து. பின்னர் அந்நகரத் தமிழர் உணவகங்கள் வாழையிலையில் அதைப் பரிமாறி நாட்டின் அடையாள உணவுகளுள் ஒன்றாக்கின. பெரிய மீனின் தலையை, கண்ணும் செவுளும் தெரிய, மேற்கத்திய நயஉணவுக்குப் பழகிய ஒரு நடுவர் குழுவின் முன் இறுதிச் சுற்றில் வைப்பதற்குத் தன் சமையல்மேல் அசையாத நம்பிக்கை வேண்டும். போட்டிக்காகத் தன் சமையலை மாற்றிக்கொள்ளாமல், தன் சமையலின் அளவுக்குப் போட்டியை விரித்த செயல் அது.

2021-இல் இறுதி மூவருள் ஒருவராக வந்து மூன்றாம் இடம் பெற்ற கிஷ்வர் சௌத்ரி இதே துணிவை இன்னும் எளிய உணவில் காட்டினார். மெல்பர்னில் வாழும் வங்காளக் குடும்பத்தைச் சேர்ந்த அவர் இறுதிச் சுற்றில் வைத்தது 'பாந்தா பாத்'. மிஞ்சிய சோற்றில் நீரூற்றி இரவு முழுவதும் ஊறவைத்து, லாக்டிக் அமில நுண்ணுயிர்கள் தரும் மென்புளிப்போடு காலையில் உண்ணும் இந்த உணவு, வங்காள உழவர்களின் அன்றாடக் காலையுணவாகவும் வங்காளப் புத்தாண்டு நாளின் சிறப்புணவாகவும் விளங்குவது. அதை அவர் புகைமணம் ஊட்டிய சோற்று நீராக உருமாற்றி, கடுகெண்ணெயும் மிளகாயும் சேர்த்து மசித்த உருளைக்கிழங்கோடும் மத்தி மீனோடும் பரிமாறினார். தமிழ் வாசகர் இதைப் படிக்கும்போது சின்ன வெங்காயமும் மோர் மிளகாயும் தொட்டுக்கொண்டு உண்ணும் பழைய சோற்றையும் நீராகாரத்தையும் நினைவுகூராமல் இருக்க இயலாது. விருந்தினர் வந்தால் மறைத்து வைக்கப்படும் ஓர் உணவு, உலகமே பார்க்கும் மேடையில் தலைநிமிர்ந்து நின்றபோது வங்கதேசத்திலும் மேற்கு வங்கத்திலும் எழுந்த பெருமிதத்தை, அந்த உணவு தாங்கியிருந்த நூற்றாண்டுக்கால உழைப்புக்குக் கிடைத்த மரியாதையாகவே கொள்ள வேண்டும்.

கடிகாரம் வெளியே தள்ளிய காத்திருப்பை இவ்விருவரும் வேறொரு வழியில் உள்ளே கொண்டுவந்தார்கள். ஓர் இரவின் ஊறலையோ மூன்று தலைமுறையின் பயணத்தையோ அரங்கத்தில் நிகழ்த்திக் காட்ட முடியாது; அதைச் சொல்ல முடியும். சமைப்பவரின் இரண்டாவது வேலை சுமை என்ற நிலையிலிருந்து ஆற்றலாக மாறும் இடம் இதுவே.

நாக்கின் நீதி

எனினும் சொல் எப்போதும் கைகொடுப்பதில்லை. ஓர் உணவை மதிப்பிடும் நாக்கு, தான் வளர்ந்த சமையலறையின் இலக்கணத்தையும் கூடவே சுமந்து வருகிறது. 2018-இல் பிரிட்டனின் 'மாஸ்டர்செஃப்' போட்டியில், மலேசியாவில் பிறந்த போட்டியாளர் ஒருவர் தேங்காய்ப்பாலில் வெந்த சோற்றோடு கோழி ரெண்டாங் பரிமாறினார். ரெண்டாங் என்பது தேங்காய்ப்பாலும் அரைத்த மசாலாவும் சேர்த்து, நீர் வற்றி எண்ணெய் பிரியும்வரை மிதமான தீயில் நெடுநேரம் இறைச்சியை வேகவைத்துச் செய்வது. மெத்தென்று வெந்திருப்பதே அதன் இலக்கணம். கோழியின் தோல் மொறுமொறுப்பாக இல்லை என்று நடுவர்கள் குறைகூற, போட்டியாளர் வெளியேற்றப்பட்டார். வழக்கமாக எந்த உணவு யாருடையது என்று வாதிட்டுக்கொள்ளும் மலேசியரும் இந்தோனேசியரும் சிங்கப்பூரரும் அன்று ஒரே குரலில் மறுப்புத் தெரிவித்தனர்; மலேசியாவின் அன்றைய பிரதமர்கூடக் கருத்துச் சொல்லும் அளவுக்கு அந்த விவாதம் வளர்ந்தது.

இந்த நிகழ்வை ஒரு சில நடுவர்களின் பிழை என்று மட்டும் கொண்டு கடந்துவிடுவது போதாது. சமையலைப் பொதுவான ஓர் அளவுகோலால் அளக்க இயலும் என்ற நம்பிக்கையின் மேலேயே இப்போட்டிகள் எழுப்பப்பட்டுள்ளன. உப்பு கூடியதா, வெந்ததா, கருகியதா என்பன எந்த நாட்டு உணவுக்கும் பொருந்தும் கேள்விகள். மொறுமொறுப்பு வேண்டுமா, குழைவு வேண்டுமா, காரம் முதலில் தெரிய வேண்டுமா, இறுதியில் தெரிய வேண்டுமா என்பனவோ அந்தந்த உணவுக்குரிய இலக்கணத்தை அறிந்தவரே கேட்கத் தகுந்தவை. இந்த இரண்டாம் வகைக் கேள்வியில் தோற்கும் போட்டியாளர், தான் தவறாகச் சமைத்தோமா அல்லது தவறாகப் படிக்கப்பட்டோமா என்ற ஐயத்தோடு வீடு திரும்புகிறார். வெளியேறுவதில் உள்ள வலியில் மிகக் கூரியது அந்த ஐயமே.

அடுப்பு அணைந்த பின்

பல மாதங்கள் குடும்பத்தைப் பிரிந்து, அந்நியர்களோடு ஒரே வீட்டில் வாழ்ந்து, நண்பராகிவிட்ட ஒருவரைத் தோற்கடித்தால்தான் தான் நிலைக்க முடியும் என்ற நெருக்கடியில், தினமும் கேமராவின் முன் சமைப்பது மனத்தின் மேல் பெருஞ்சுமையை ஏற்றும். அதை மறைக்காமல் வெளிப்படுத்தியவருள் ஒருவர் பிரென்ட் டிரேப்பர். 2021 பருவத்தில் தன் மனநலத்தைக் காத்துக்கொள்வதற்காகப் போட்டியிலிருந்து தானே விலகிய அவர், 2023-இல் மீண்டும் வந்து வென்றார். விலகுவதும் ஒரு முடிவே என்பதையும், அது தோல்வியாகாது என்பதையும் ஒரு நாட்டின் பார்வையாளர்கள் கண்முன் நிறுவியது அந்த மீள்வருகை.

முதல் பருவத்தின் வெற்றியாளரான ஜூலி குட்வின், மூன்று பிள்ளைகளின் தாயாக, எளிய குடும்பச் சமையலை முன்வைத்து வென்று, நாட்டின் அன்பைப் பெற்றவர். பின்னாளில் தாம் எதிர்கொண்ட மனச்சோர்வையும் அதற்குப் பெற்ற சிகிச்சையையும் அவர் வெளிப்படையாகப் பேசினார். 2024-இல் வெளிவந்த தன்வரலாற்றுக்கு, போட்டியில் கடிகாரம் ஓடத் தொடங்கும்போது ஒலிக்கும் அறிவிப்பான 'யுவர் டைம் ஸ்டார்ட்ஸ் நவ்' என்பதையே தலைப்பாக வைத்தார். பிரிட்டனின் 'கிரேட் பிரிட்டிஷ் பேக் ஆஃப்' என்னும் அடுமனைப் போட்டியை 2015-இல் வென்ற நாடியா ஹுசைன், அடுத்த ஆண்டு எலிசபெத் அரசியின் 90-ஆம் பிறந்தநாளுக்குக் கேக் செய்த பெருமையை அடைந்தவர். தன்னை நெடுநாளாக வாட்டிய பதற்ற நோயைப் பற்றி 2019-இல் பிபிசி ஆவணப்படமொன்றில் பேசினார். இவர்களின் துயரங்களுக்குப் போட்டிதான் காரணம் என்று கூறிவிட இயலாது. அவை வாழ்வின் பல ஊற்றுகளிலிருந்து வந்தவை. ஆனால் திரையில் புன்னகைத்து நிற்கும் சமையற்காரருக்குப் பின்னால் ஒரு முழு மனிதர் இருக்கிறார் என்பதை உணர்த்த, திரை தந்த அதே குரலை இவர்கள் பயன்படுத்தினார்கள் என்பது போற்றத்தக்கது.

போட்டிக்குப் பிந்தைய பாதைகளும் பலவகைப்பட்டவை. 2010-இன் வெற்றியாளர் ஆடம் லியா வழக்கறிஞர் தொழிலிலிருந்து எழுத்துக்கும் தொலைக்காட்சிக்கும் வந்து, ஆசிய வீட்டுச் சமையலை எளிய மொழியில் விளக்குபவரானார். 2015-இல் வென்ற பில்லி மெக்கே, பிரிட்டனின் 'ஃபேட் டக்' உணவகத்தில் பணியாற்றச் சென்று, 2022-இல் மீண்டும் போட்டியிட்டு இரண்டாம் முறையும் வென்றார். 2012-இன் வெற்றியாளர் ஆண்டி ஆலன் 2020 முதல் நடுவராக அமர்ந்தார். முதல் பருவத்தில் வெற்றியைத் தவறவிட்ட போ லிங் யாவ் 2024-இல் அதே மேடையின் நடுவரானார். சசி செல்லையா அடிலெய்டில் தம் உணவகத்தைத் திறந்ததோடு, சீன மரபும் மலாய் மரபும் கலந்த பெரனாக்கன் உணவை வழங்கும் 'பாண்டன் கிளப்' வாயிலாகச் சென்னைக்கும் வந்து சேர்ந்தார். தமிழகத்திலிருந்து கடல் கடந்த சமையல் ஒன்று, வேற்று மண்ணின் மணங்களையும் சேர்த்துக்கொண்டு திரும்பி வந்ததாக இதைக் காணலாம்.

தமிழ்த் திரையில்

'மாஸ்டர்செஃப்' வடிவம் 2010-இல் இந்தியில் அறிமுகமாகி, லக்னோவைச் சேர்ந்த பள்ளி ஆசிரியை பங்கஜ் பதௌரியாவை முதல் வெற்றியாளராக்கியது. 2021-இல் நடிகர் விஜய் சேதுபதி தொகுத்தளிக்கச் சன் தொலைக்காட்சி வழியே தமிழுக்கும் வந்தது. அதற்கு முன்பே, 2019-இன் இறுதியில் விஜய் தொலைக்காட்சி தொடங்கிய 'குக்கு வித் கோமாளி' வேறொரு பாதையை வகுத்திருந்தது. சமைக்கும் பிரபலத்தோடு சமையல் அறியாத நகைச்சுவைக் கலைஞர் ஒருவரை இணையாக்கி, தொடக்கப் பருவங்களில் தாமு, வெங்கடேஷ் பட் ஆகிய வல்லுநர்களை நடுவர்களாக அமர்த்திய அந்நிகழ்ச்சி, போட்டியின் இறுக்கத்தைச் சிரிப்பால் தளர்த்தியது. ஒரு வீட்டின் சமையலறையில் வெங்காயம் நறுக்கத் தெரியாதவரும் நின்று பேசிக்கொண்டிருப்பது இயல்பு என்பதால், ஆஸ்திரேலிய வடிவம் சொல்லால் நிரப்பிய வெற்றிடத்தைத் தமிழ் வடிவம் உறவாலும் கேலியாலும் நிரப்பியது எனலாம்.

பானையும் பருக்கையும்

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது தமிழரின் பழமொழி. ஒரே தீயில், ஒரே நீரில், ஒரே நேரம் வெந்த அரிசிக்கு அது முற்றிலும் பொருந்தும். போட்டியின் நடுவரும் ஒரு கரண்டி உணவைக் கொண்டே தீர்ப்புச் சொல்கிறார். அந்தத் தட்டைப் பொறுத்தவரை அது நியாயமான தீர்ப்பே. ஆனால் சமைப்பவர் ஒரு பானையல்லர். அவருடைய நேற்றைய சமையலும் நாளைய சமையலும் வெவ்வேறு தீயில் வேகின்றன. ஒரு மணி நேரத்தில் அவர் வைத்த ஒரு தட்டு, அவர் வாழ்நாள் முழுவதும் ஆக்கிப்போட்ட சோற்றுக்குப் பதமாகிவிடாது. இந்த வேறுபாட்டை உணர்ந்தவர்கள் தோல்வியோடும் நிம்மதியாக வீடு திரும்புகிறார்கள். வெற்றியின் பாரத்தையும் அவர்களால் தாங்க முடிகிறது.

மேடை அவர்களுக்குத் தந்தவற்றுள் பரிசுப் பணமும் புகழும் காலத்தில் கரையக்கூடியவை. கரையாமல் எஞ்சுவது, தன் கைப்பக்குவத்துக்குச் சொற்கள் உண்டு என்ற கண்டுபிடிப்பு. கிஷ்வர் சௌத்ரி போட்டிக்கு வந்தபோது கொண்டிருந்த ஆசை, தன் பிள்ளைகளுக்காக வங்காளச் சமையலை ஒரு நூலாக எழுதிவைக்க வேண்டும் என்பதே. அந்த ஆசைக்கு அரங்கமோ ஒளிவிளக்கோ தேவையில்லை. கேட்பதற்கு ஒருவர் இருந்தால் போதும். நடுவர் மேடையருகே வந்து கேட்கும் கேள்விகளை, நாற்பது ஆண்டுகளாக அடுப்பங்கரையில் நிற்கும் தாயிடமும் பாட்டியிடமும் அவர்கள் வீட்டார் கேட்டதில்லை. ரசத்தை எப்போது இறக்க வேண்டும் என்பது உங்களுக்கு எப்படித் தெரிகிறது என்று ஒருநாள் அவர்கள் அருகில் நின்று கேட்டு, வருகிற மறுமொழியை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைப்பவர், தொலைக்காட்சிச் சமையல் போட்டி சொல்லித் தந்ததில் மிகப் பயனுள்ள பாடத்தைக் கற்றுக்கொண்டவர் ஆவார்.